செவ்வாய்க்கிழமை டாக்டர்

என் வலியை என் மனைவி திருடிவிட்டாள்.

சிரிக்க வேண்டாம். சைக்கிள் திருட்டுப் போனால் போலீசில் சொல்லலாம். குடை திருட்டுப் போனால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படலாம். சொந்த விரல்வலி திருட்டுப் போனால் யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் அந்த வலி எனக்கு இருப்பதையே நான் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே பறிகொடுத்தவனுக்கே கொட்டியிருந்தது.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கும்போதே சபதம் எடுத்தேன். என் வலியை மீட்பேன். கையோடு என் மனைவியையும் மீட்பேன். யாரிடமிருந்து? ஒரு சுருட்டை முடி டாக்டரிடமிருந்து.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எனக்குத் தொழில் பூட்டு. கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் என் கடை. உள்ளே ஒருவர் நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் நான் வெளியே போக வேண்டும். சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், சாவி கையில் இருந்தும் திறக்கத் தெரியாதவர்கள், எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வசனம் சொல்வேன். "பூட்டை உடைக்கறது யாரு வேணா செய்வாங்க சார். அதுக்குப் புடிச்ச சாவி எதுன்னு கண்டுபுடிக்கணும். அங்கதான் நான் நிக்கறேன்." இந்த வசனத்தைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு என் மனைவி உதட்டை அசைத்துக் கூடவே சொல்வாள்.

பூட்டுக்காரனுக்குக் கண் இரண்டாம் பட்சம். விரல்தான் எல்லாம். கம்பியை உள்ளே விட்டால் உள்ளே எந்தப் பல் எங்கே மாட்டியிருக்கிறது என்று விரல் நுனி சொல்லும். அந்த விரல்கள்தான் போன மழைக்காலத்திலிருந்து வேலைநிறுத்தம் செய்ய ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் மடங்காது. முட்டிகள் எல்லாம் உப்பி, தொட்டால் சுடும். குளித்து, சாப்பிட்டு, கடை திறந்து, முதல் இரண்டு வாடிக்கையாளர்களைப் பேச்சிலேயே ஓட்டிய பிறகுதான் மெதுவாக இளகும். இடது கை, வலது கை, இரண்டிலும் ஒரே இடத்தில். அண்ணன் தம்பிகூட அவ்வளவு ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள்.

என்ன நோய் என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். தேய்மானம். பழைய சாவி தேய்ந்தால் புதிதாக வெட்டலாம். விரலை எங்கே வெட்டுவது? டாக்டரிடம் போனால் கடையை மூடச் சொல்வார். கடையை மூடினால் நான் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் உட்கார்ந்த பூட்டுக்காரனும் சாவி தொலைந்த பூட்டும் ஒன்று. எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். நினைக்கவே பயமாக இருந்தது. அதனால் பக்கத்து மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி, சாவிக் கொத்துப் பெட்டியில் ஒளித்து வைத்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நடிப்பு. சட்டைப் பொத்தான்களைக் கழற்றாமலே தலை வழியாகப் போட்டுக் கழற்றினேன். டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தேன். குமிழ் வைத்த கதவை முழங்கையால் திறந்தேன். வெளியே போகும்போது கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஒரு துப்பு கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு நாள் காலை, என் மனைவி சமையலறை வாசலில் நின்று கையை உதறினாள்.

"என்னங்க, எனக்கு விரலெல்லாம் வலிக்குது."

"எந்த விரல்?"

"எல்லாந்தான். காலையில மடக்கவே முடியல. முட்டியெல்லாம் வீங்கின மாதிரி இருக்கு. வெயில் ஏறினப்புறந்தான் கொஞ்சம் இளகுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டு கையிலயுமா?"

"ரெண்டு கையிலயும் ஒரே இடத்துல. உங்களுக்கெப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன்."

அதோடு முடிந்தது. என் வலி கைமாறிவிட்டது. அதன் பிறகு வீட்டில் அவளுக்கு நடந்த ராஜ உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே. வெளியூரில் இருக்கும் மகள் தினம் வீடியோ கால் செய்தாள். "அம்மா, வலி எப்படிம்மா இருக்கு?" அம்மா சோகமாக விரலைக் காட்டினாள். "அப்பா, அம்மாவைப் பாத்திரம் தேய்க்க விடாதீங்கப்பா." நான் தேய்த்தேன். என் விரலால். மச்சான் போன் செய்து, "மாமா, அக்காவை நல்லா கவனிச்சுக்கோங்க, பாவம், எவ்வளவு வலி தாங்கறா" என்றான். அவள் தாங்கினாளாம். தாங்கியது யார் என்று அவனிடம் சொல்லத் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மேல்வீட்டில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் இருக்கிறார். ஆறு போல ஓடுவார், மலை போல நிற்பார். அவர் வந்து என் மனைவியின் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு போனார். "அக்கா, நீங்க எதையும் தூக்கக் கூடாது." அதே நேரம் நான் இரண்டு பையோடு படியேறிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் ஓரமா போங்க, அக்கா வர்றாங்க" என்றார்.

உலகத்தில் யாராவது தன் வலியைப் பார்த்தே பொறாமைப்பட்டதுண்டா? நான் பட்டேன். என் வலி என்னிடம் இருந்தவரை சீந்த ஆள் இல்லை. அவளிடம் போனதும் அதற்கு வந்த யோகம்.

இது போதாதென்று ஊறுகாய் பாட்டிலை நீட்டினாள்.

"இதைத் திறந்து குடுங்க. என்னால முடியல."

"இப்பவேவா?"

"சாப்பிடும்போது திறக்காம வேற எப்ப திறப்பாங்க?"

"கொல்லைப்பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கும். அங்க வச்சுத் திறக்கறேன்."

பாட்டிலோடு பின்படி வழியாக மேலே ஓடினேன். டீச்சர் ஒரு திருகில் திறந்து கொடுத்தார். "சார், உங்களுக்கு முடியலையா?" என்று கேட்டார். "முடியும். உங்க உடற்பயிற்சிக்கு இருக்கட்டுமேன்னு கொண்டு வந்தேன்" என்றேன். கீழே வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு" என்று பாட்டிலை வைத்தேன். என் மனைவி ஊறுகாயை எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூட்டு டாக்டரிடம் போகப் போவதாகச் சொன்னாள். "நான் வரட்டுமா?" என்றேன். வாய் வார்த்தைக்குத்தான். "கடையை யார் பாத்துக்கறது? டீச்சர் கூட வர்றாங்க" என்றாள். செவ்வாய் மாலை டீச்சருக்குப் பள்ளியில் வேலை இல்லையாம்.

போய்விட்டு வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன்.

"அப்படி ஒரு பொறுமைங்க அவருக்கு. கையைப் புடிச்சு, ஒவ்வொரு முட்டியா அழுத்தி அழுத்திப் பாத்தார்."

"கையையா புடிச்சார்?"

"பின்ன காலையா புடிப்பார்? விரல்வலிக்கு விரலைத்தான் பாக்கணும்."

"என்ன வயசு இருக்கும்?"

"வயசென்ன வயசு. சுருட்டை முடி. நல்ல உயரம். பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

எனக்கு உள்ளே எங்கோ ஒரு பூட்டு விழுந்தது. என் மனைவியின் கையை நான் பிடித்து எத்தனை நாளாயிற்று? என் முட்டி வலிக்குப் பயந்து நான் விட்ட கையை எவனோ ஒரு சுருட்டை முடிக்காரன் முட்டி முட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"மருந்து குடுத்தாரா?"

"இப்ப இல்ல. காலையில எழுந்ததும் வெதுவெதுன்னு தண்ணியில கையை வச்சு, விரலை மெதுவா மடக்கி நீட்டணுமாம். கடையில கேட்டு வலி மாத்திரை முழுங்கவே கூடாதாம். வயித்தைப் புண்ணாக்குமாம்."

வயிறு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. மாத்திரையாலா, டாக்டராலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் வெந்நீரில் கையை வைத்துவிட்டுப் போனதும், அதே பாத்திரத்தில் நான் திருட்டுத்தனமாக என் கையை வைத்தேன். இதமாகத்தான் இருந்தது. பொண்டாட்டியின் காதலன் சொன்ன வைத்தியம் புருஷனுக்குப் பலிக்கிறது. இதைவிட அவமானம் ஒருவனுக்கு வருமா?

அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனாள். வரும்போது கண் சிவந்திருந்தது.

"அழுதியா?"

"கொஞ்சம். தாங்க முடியலைங்க."

"வலியா?"

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு, "பாவம், தாடியெல்லாம் வளத்துக்கிட்டு எப்படி இருக்கார் தெரியுமா" என்றாள்.

"யாரு, டாக்டரா?"

"ம்."

ஒரே வாரத்தில் தாடி. அதுவும் பாவம் என்று சொல்லும்படியான தாடி. ஆண்பிள்ளை எதற்குத் தாடி வளர்ப்பான் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது செவ்வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் கைப்பையிலிருந்து ஒரு பாப்கார்ன் உருண்டு விழுந்தது. "இது என்ன?" என்றேன். "காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்குக் குடுக்கறாங்க" என்றாள். "டாக்டர்?" என்றேன். "இன்னிக்குக் குதிரை மேல வந்தார்" என்றவள், சட்டென்று, "அதாவது குதிரை ஓட்டத் தெரியுமாம், பேச்சுவாக்குல சொன்னார்" என்றாள்.

சுருட்டை முடி. தாடி. குதிரை. எனக்கு சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது.

இங்கேதான் அந்தச் சபதம் வருகிறது. திட்டம் எளிமையானது. அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நானும் கிளம்புவது. நோயாளியாக உள்ளே நுழைவது. இருவரையும் கையும் களவுமாகப் பிடிப்பது. கை என் வசம் இல்லாவிட்டாலும் களவையாவது பிடிக்கலாம். எனக்கு விரல்வலி என்று சொல்லக் கூடாது, அது இப்போது அவளுடைய சொத்து. முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்வது. என் முழங்கால் இரண்டும் இரும்பு. கண்ணாடி முன்னால் நின்று நொண்டிப் பழகினேன்.

பெரிய தெருவில் வங்கிக்கு மேலே அவள் சொன்ன அந்தக் கிளினிக். நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மீன்தொட்டி, மணிக்கட்டில் பட்டை கட்டிய கல்லூரிப் பெண் ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். என் மனைவி இல்லை. டீச்சரும் இல்லை. பாப்கார்னும் இல்லை.

வரவேற்பு மேசைப் பெண் பேர் கேட்டாள். மச்சான் பேரைச் சொன்னேன். மாட்டினால் அவன் மாட்டட்டும்.

"ஏம்மா, இங்க ரெண்டு அம்மா வந்தாங்களா? ஒருத்தங்க கொஞ்சம் பூசினாப்பல, இன்னொருத்தங்க ஆறடிக்கு இருப்பாங்க."

"இன்னிக்கு அப்படி யாரும் வரலையே சார்."

"அந்தச் சுருட்டை முடி டாக்டர் இருக்காரா?"

"சுருட்டை முடியா? இங்க ஒரே டாக்டர்தான் சார்."

"தாடி வச்சிருப்பாரே. குதிரைகூட ஓட்டுவார்."

அந்தப் பெண் மீன்தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "உங்களுக்கு மூட்டு மட்டுந்தானே பிரச்சினை?" என்றாள்.

எனக்கு வேர்த்துவிட்டது. அவள் இங்கே வரவில்லை. அப்படியானால் செவ்வாய்தோறும் எங்கே போகிறாள்? கையைப் பிடித்தவன் டாக்டரே இல்லையா? குதிரைக்காரன் எந்த ஊர்க் குதிரைக்காரன்? எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தபோது உள்ளேயிருந்து மச்சான் பேரைக் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மச்சானைக் கூப்பிட்டால் நான் ஏன் போக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள்.

நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு குள்ளமான மனிதர். தலை மின்விளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. சுருட்டுவதற்குக்கூட ஒரு முடி கிடையாது.

"உக்காருங்க. என்ன தொந்தரவு?"

"முழங்கால் டாக்டர். நடக்கவே முடியல."

"எந்தக் கால்?"

"வலது."

"வரும்போது இடது காலை நொண்டினீங்களே."

அவர் முழங்காலைத் தொடக்கூட இல்லை.

"கதவை ஏன் முழங்கையால திறந்தீங்க?" என்று கேட்டார்.

"பழக்கம்."

"என்ன தொழில்?"

"பூட்டு. பூட்டுக் கடை."

அவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார். "கையைக் குடுங்க."

கொடுத்தேன். ஒவ்வொரு முட்டியாக, இரண்டு விரலால், மெதுவாக அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். எனக்கு அந்த மாதிரி அழுத்தம் தெரியும். உள்ளே எந்தப் பல் மாட்டியிருக்கிறது என்று நான் பூட்டைத் தடவிப் பார்ப்பேனே, அதே மாதிரி.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"கண்ணுல தண்ணி வருதே."

"தூசி."

"காலையில எழுந்தா எவ்வளவு நேரம் விரல் மடங்காம இருக்கும்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மழைக்காலத்திலிருந்து அடைத்து வைத்திருந்த அத்தனையும் கொட்டிவிட்டேன். காலை விறைப்பு, வீக்கம், சாவிக் கொத்துப் பெட்டிக்குள் வலி மாத்திரை, எல்லாம். "தேஞ்சு போச்சு டாக்டர். கடையை மூடச் சொல்லிடாதீங்க" என்றபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தேஞ்சு போச்சுன்னு யாரு சொன்னா?"

"நானே கண்டுபுடிச்சேன்."

"உங்க கடைக்கு வந்து நான் பூட்டைப் பாத்து அபிப்பிராயம் சொன்னா விடுவீங்களா? தேய்மானம்னா பெரும்பாலும் வேலை செய்யச் செய்ய வலி கூடும். உங்களுக்கு அசையாம இருந்தா மோசம், வேலை செய்யச் செய்ய இளகுது. ரெண்டு கையிலயும் ஒரே மூட்டு. சூடு, வீக்கம். இது வேற மாதிரி தெரியுது. ரத்தமும் எக்ஸ்ரேயும் பாத்துட்டு உறுதியா சொல்றேன். ஊகத்துல மருந்து குடுக்க மாட்டேன்." பிறகு பேனாவை எடுத்தார். "இப்ப உங்க நிஜப் பேரைச் சொல்லுங்க. இல்லைன்னா முடிவு வர்றப்ப வேற யாருக்கோ வைத்தியம் பண்ணிடுவேன்."

சொன்னேன். மச்சான் தப்பினான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இரண்டு பயம். ஒன்று ரத்தம் என்ன சொல்லுமோ என்று. மற்றது அந்தக் குதிரைக்காரன். அவளைக் கேட்டுவிடலாம் என்றால் முடியாது. "நீ கிளினிக்குக்கு வரலையே" என்றால், "நீங்க ஏன் அங்க போனீங்க?" என்பாள். வாயைத் திறந்தால் என் குட்டும் உடையும். அதனால் அவள் சமைக்கும்போது பார்த்தேன், துணி மடிக்கும்போது பார்த்தேன், பாட்டு முணுமுணுக்கும்போது பல்லைக் கடித்தேன். பல் மூட்டும் வலிக்க ஆரம்பித்தது.

அடுத்த செவ்வாய் அவள் டீச்சரோடு கிளம்பினாள். புது மாதிரி தலை வாரியிருந்தாள். அவளைப் பின்தொடர்ந்து போவதா, ரத்தத்தின் முடிவைக் கேட்கப் போவதா? தெருமுனையில் நின்று குழம்பினேன். விரல்கள்தான் முடிவு செய்தன. கிளினிக்குக்குப் போனேன்.

"முடக்குவாதம்" என்றார் டாக்டர்.

நாற்காலி என்னை இறுகப் பிடித்துக்கொண்டது. இல்லை, நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பேருதான் பயமுறுத்தும். உடம்போட காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கற நோய் இது. உங்க உடம்பு உங்க மூட்டைத் தாக்குது. இப்பவே வந்ததால எலும்பு இன்னும் கெடலை. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா விரல் கோணிப் போயிருக்கும்."

"கடை?"

"கடையை யாரு மூடச் சொன்னா? வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரை. வேலை செய்ய ஆரம்பிக்கச் சில வாரம் ஆகும், பொறுக்கணும். நான் சொல்றப்ப ரத்தம் பாக்கணும். வலி நின்னுடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. ஸ்க்ரூ டிரைவருக்குத் தடிமனா பிடி போட்டுக்கோங்க. காலையில வெதுவெதுன்னு தண்ணி..."

"அது ஏற்கெனவே செய்யறேன் டாக்டர்."

"பரவாயில்லையே. யாரு சொன்னா?"

"ஒரு குதிரைக்காரன்" என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில்தான். கை பிழைத்தது. கடை பிழைத்தது. இந்தச் சந்தோஷம் பெரிய தெருவைத் தாண்டும்வரைதான் இருந்தது. கை பிழைத்து என்ன, பிடிக்க வேண்டிய கை யாரிடம் இருக்கிறது?

அவள் வரும்வரை நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கண் சிவக்க, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க போயிட்டு வர்ற?"

"டாக்டர்கிட்டதான். செவ்வாய்க்கிழமையாச்சே."

"எப்படி இருக்கார் உன் சுருட்டை முடி?"

"நல்லா இருக்கார்."

"பொய்." எழுந்து நின்றேன். "அங்க சுருட்டை முடியே கிடையாது. அந்த டாக்டருக்கு முடியே கிடையாது. மொட்டை. குள்ளம். குதிரையில ஏத்தி விடவே நாலு பேர் வேணும்."

அவள் கைப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"ஆமா, மொட்டைதான். பாத்துட்டீங்களா? ரத்தத்துல என்ன வந்துச்சு?"

எனக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. "முடக்குவாதம்" என்றேன். குரல் குழந்தைக் குரலாக வந்தது.

"மருந்து இருக்கா?"

"இருக்கு. கை நல்லாயிடுமாம். கடையை மூட வேண்டாமாம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இந்தத் தடவை கண் நிஜமாகவே நனைந்திருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம? ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் புடிக்காம நீங்க ஒரு நாள் போனதில்ல. திடீர்னு பேன்ட் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டீங்க. முதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? உங்க கடைத்தெரு பேக்கரிக்காரிக்கு வாரத்துக்கு ஒரு தடவை ஷட்டர் பூட்டு மாட்டிக்குதே, அவ கையைப் புடிக்கறீங்களோன்னு. ரெண்டு நாள் தூங்கல."

"அவளுக்கு நிஜமாவே பூட்டு மாட்டிக்கிச்சு."

"அப்புறந்தான் நீங்க டம்ளரை ரெண்டு கையால புடிக்கறதைப் பாத்தேன். சட்டையைத் தலை வழியா போடறதைப் பாத்தேன். டீச்சர் ஊறுகாய் பாட்டிலைப் பத்திச் சொன்னாங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னு கூப்பிட்டா வருவீங்களா? தாத்தா காலத்து எண்ணெயைத் தடவிக்கிட்டு, ஒண்ணுமில்லைம்பீங்க. அதான் நானே ஒரு தடவை போய் எல்லாத்தையும் சொன்னேன். அவர் சொன்னார், 'சொல்லைக் கேட்டு வைத்தியம் பண்ண முடியாதும்மா, அந்தக் கையைக் கொண்டு வாங்க, ரத்தம் பாக்கணும்'ன்னு. கை எப்படி வரும்? நீங்கதானே சொல்வீங்க, பூட்டை உடைக்கக் கூடாது, அதுக்குப் புடிச்ச சாவி எதுன்னு கண்டுபுடிக்கணும்னு."

"என்ன சாவி?"

"பொறாமை. கொஞ்சந்தான் திருகினேன். படக்குன்னு திறந்துக்கிச்சு."

நான் உட்கார்ந்துவிட்டேன். என் சொந்த வசனம். என் சொந்தக் கடை வசனம். பலகையில் எழுதி மாட்டாத குறை.

"அப்ப உனக்கு வலி?"

அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு புது ஊறுகாய் பாட்டிலை எடுத்து, ஒரே திருகில் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"சரி. டாக்டர் சொன்னாருன்னு சொன்னியே, வெந்நீர், பயிற்சி?"

"அவர் நிஜமாவே சொன்னதுதான். எனக்குன்னு சொல்லி உங்க காதுல போட்டேன். உங்களுக்குன்னு சொன்னா நீங்க செஞ்சிருக்கவே மாட்டீங்க. நான் எடுத்ததும் அந்தப் பாத்திரத்துல யாரு கை வைக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்காகத்தான் தண்ணியைக் கொஞ்சம் கூடுதலா சுட வச்சேன்."

வெளியே போகலாம் என்றாள். மருந்து வாங்க வேண்டியிருந்தது. தெருவைக் கடக்கும்போது அவள் தன் கையை நீட்டவில்லை. முழங்கையை நீட்டினாள். "விரலைப் புடிக்காதீங்க, இதைப் புடிச்சுக்கோங்க. வலிக்காது." பிடித்துக்கொண்டேன். வலிக்கவில்லை. எனக்கு உலகத்தில் யார்மேலும் கோபமில்லை என்று தோன்றியது. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒரு முள் மட்டும் மிச்சமிருப்பது நினைவுக்கு வந்தது.

"நீ டாக்டர்கிட்ட போனது ஒரே தடவை."

"ஆமா."

"மத்த செவ்வாய்க்கிழமையெல்லாம்?"

"நானும் டீச்சரும் சினிமாவுக்குப் போனோம். வீட்டுல இருந்தா நீங்க சந்தேகப்படுவீங்களே."

"சுருட்டை முடி?"

"முதல் நாள் டாக்டரைப் பாத்துட்டு அப்படியே போன படத்து ஹீரோ."

"தாடி? குதிரை?"

"அதெல்லாம் வேற வேற படம்."

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தனை செவ்வாய்க்கிழமைகளும் கண்முன்னால் வந்து வரிசையாக நின்றன. போகட்டும். சமாதானமாகப் போவதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு. முழங்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வர்ற செவ்வாய்க்கிழமையும் டாக்டர் வரச் சொல்லியிருக்கார். இனிமே ஒளிக்க ஒண்ணுமில்ல. நீயும் என்கூட வந்துடு."

"அதெப்படிங்க?" என்றாள் அவள். "நீங்கதான் இப்ப தனியாவே போகப் பழகிட்டீங்களே. அன்னிக்கு அந்தத் தாடிக்காரரோட புதுப் படம் வருது."